துரஹள்ளி பாறையும் மரத்துப்போன சுண்டுவிரலும்: நாலு ஜோடி கிரிப் மாத்திப் பார்த்த கதை

சட்டை பட்டன் போட முடியல. அங்க தான் ஆரம்பிச்சுது எல்லாம். ஞாயித்துக்கிழமை காலைல பெங்களூர் துரஹள்ளி காட்டுத் தடத்துல மூணு மணி நேரம் மலை சைக்கிள் ஓட்டிட்டு வந்தேன், திங்கக்கிழமை ஆபீஸ் கிளம்பறப்ப பார்த்தா வலது கை சுண்டுவிரல் என்னோடது மாதிரியே இல்ல, தொட்டா ஏதோ துணிக்கு மேல தொடற மாதிரி ஒரு மந்தம். மோதிரவிரல்ல சுண்டுவிரல் பக்கம் இருக்கற பாதியும் அதே மாதிரி, நடுவிரல் பக்கம் இருக்கற பாதி மட்டும் நல்லா இருக்கு. ஒரே விரல்ல பாதிக்கு உணர்ச்சி இருக்கு, பாதிக்கு இல்லங்கறது வந்தவங்களுக்குத் தான் தெரியும், நெஜமாவே பயமா இருக்கும். பொண்ணுக்கு ஷூ லேஸ் கட்டப் போனா முடிச்சு நழுவுது, டபரால காபி ஆத்தறப்ப டம்ளர் ஒரு பக்கமா சாயுது. ரெண்டு நாள்ல சரியாயிடும்னு நினைச்சேன், வியாழக்கிழமை வரைக்கும் போகல.

இதை எழுதறதுக்குக் காரணம், பெங்களூர்ல நம்ம ஆளுங்க நிறைய பேர் இப்ப எம்டிபி, அதாவது மவுண்டன் பைக் எடுத்துட்டாங்க, ஆவலஹள்ளி, துரஹள்ளினு வாராவாரம் போறாங்க, டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் அவ்ளோ யோசிக்கறாங்க, ஆனா ஹேண்டில்பார்ல கை வைக்கற கிரிப்பை மட்டும் வண்டியோட வந்ததையே வருஷக்கணக்குல விட்டுடறாங்க. நானும் ரெண்டு வருஷம் அப்படித் தான் விட்டேன். அதுக்கப்புறம் ஒன்றரை வருஷத்துல நாலு ஜோடி மாத்திட்டேன், ஒண்ணொண்ணுலயும் என்ன கத்துக்கிட்டேனோ அதை முழுசா சொல்லிடறேன், அடுத்தவங்களுக்குக் காசும் விரலும் மிஞ்சட்டும்.

முதல்ல விரல் ஏன் மரத்துப்போச்சுங்கறது. பிசியோகிட்ட போனேன், அவங்க உள்ளங்கையைத் திருப்பி, மணிக்கட்டுக்கு ஒட்டி சுண்டுவிரல் பக்கம் இருக்கற சதை மேட்டுல கட்டைவிரலை வச்சு ஒரு அமுக்கு அமுக்கினாங்க, சுர்ர்ருனு சுண்டுவிரல் நுனி வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி போச்சு. அங்க பட்டாணி மாதிரி ஒரு சின்ன எலும்பு இருக்கு, அதுக்குப் பக்கத்துல கொக்கி மாதிரி வளைஞ்ச இன்னொரு எலும்பு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு குறுகலான பாதை, அது வழியா தான் அல்நார் நரம்பு விரலுக்குப் போகுது. கியோன்ங்கற பிரெஞ்சு சர்ஜன் 1861ல இதைப் பத்தி எழுதினார், அதனால அவர் பேர்லயே கியோன் கெனால்னு சொல்றாங்க. முழங்கையை எங்கயாவது இடிச்சுக்கிட்டா ஜிவ்வுனு ஏறுமே, அதே நரம்பு தான் இது. நாம ஹேண்டில்பார்ல உடம்பு பாரத்தைப் போட்டு அழுத்தறது சரியா இந்த இடத்துல, கீழ இருந்து பாறை அதிர்வு வேற குத்திக்கிட்டே இருக்கு. சைக்கிள் ஓட்டறவங்களுக்கு இது ரொம்ப பழைய பிரச்சனை, டாக்டருங்க இதுக்கு சைக்கிளிஸ்ட் பால்ஸி, அதாவது சைக்கிள்காரங்க வாதம்னே பேர் வச்சிருக்காங்க. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துச்சுனா அது வேற நரம்பு, மணிக்கட்டு ரொம்ப மடங்கறதால வர்றது. எந்த விரல்னு பார்த்தாலே எங்க அழுத்தம் விழுதுனு பாதி தெரிஞ்சுடும். அப்புறம், விரல்ல பலம் குறையுது, பொருளைப் பிடிக்க முடியல, வாரக்கணக்குல போகலனா கிரிப் மாத்திக்கிட்டு உட்காராதீங்க, டாக்டரைப் பாருங்க.

என் வண்டி ஒரு சாதாரண ஹார்ட்டெயில், முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் ஃபோர்க். அதோட வந்த கிரிப் கெட்டியான கறுப்பு ரப்பர், உருளையா, ஒல்லியா இருக்கும். ஹேண்டில்பார்ல கிரிப் போடற இடம் எல்லா எம்டிபிலயும் 22.2 மில்லிமீட்டர் தான், அதுக்கு மேல எவ்ளோ ரப்பர் வருதுங்கறது தான் வித்தியாசம், கடைல கிடைக்கறது பெரும்பாலும் 29ல இருந்து 34 மில்லிமீட்டருக்குள்ள இருக்கும். கேட்டா அஞ்சு மில்லிமீட்டர் தானேனு தோணும். நானும் அப்படித் தான் நினைச்சேன், கைல பிடிச்சுப் பார்த்தா தான் அது எவ்ளோ பெரிய வித்தியாசம்னு புரியும். ஒல்லியா இருந்தா விரல் சுத்தி வந்து உள்ளங்கையிலயே குத்தும், பிடி நழுவாம இருக்க இன்னும் இறுக்கிப் பிடிப்போம், அந்த இறுக்கத்துல முன்னங்கை கல்லாயிடும். தடியா இருந்தா விரல் முழுசா சுத்தாது, இறக்கத்துல பாறை தூக்கிப் போடறப்ப கை கழண்டுடுமோனு பயந்து அப்பவும் இறுக்கிப் பிடிப்போம். ரெண்டு பக்கமும் கஷ்டம் ஒண்ணு தான். பிடிச்சுப் பார்க்கறப்ப நடுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கையைத் தொட்டும் தொடாம நிக்கணும், எனக்கு சரியா வந்தது அப்படி ஒரு தடிமன் தான்.

முதல் ஜோடி ஆன்லைன்ல 349 ரூபாய்க்கு வாங்கினேன். பேர் சொல்லல, அதே மாதிரி பத்து பேர்ல அதே அச்சு வருது. உள்ளங்கை மேடு உட்கார்றதுக்கு வெளிப்பக்கம் ஒரு சிறகு மாதிரி அகலமா நீட்டிக்கிட்டு இருக்கும், எர்கோனாமிக்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு. ஆபீசுக்குப் போய் வர்றதுக்கு முதல் வாரம் சுகமா தான் இருந்துச்சு, அதை மறைக்கல. அப்புறம் துரஹள்ளிக்குப் போனேன். அங்க போனவங்களுக்குத் தெரியும், செம்மண் தடம் போய்க்கிட்டே இருக்கும், திடீர்னு யானை முதுகு மாதிரி கருங்கல் பாறை, ஏறி இறங்கணும். அப்படி ஒரு பாறைல இருந்து இறங்கறப்ப எழுந்து நின்னு, பின்பாரமா போய், பிரேக்ல ஒரு விரல் வச்சு வர்றேன், வலது கிரிப் கைக்குள்ளயே கிறுக்குனு பின்பக்கமா சுத்திடுச்சு. ஆக்சிலேட்டர் திருகற மாதிரி. சிறகு கீழ போனதும் உள்ளங்கைக்குக் கீழ ஒண்ணுமே இல்ல, பாரம் முழுக்க ரெண்டு விரல்ல. விழல, ஓரமா முள்ளுச்செடிக்குள்ள போய் நின்னேன், முழங்கை முழுக்க கீறல். வீட்டுக்கு வந்து, கிரிப்பை ஹேண்டில்பாரோட பிடிச்சு வைக்கற வளையம், அந்த கிளாம்பை இறுக்கலாம்னு ஆலன் கீ போட்டா போல்ட் தலை வழிஞ்சு வட்டமாயிடுச்சு, அவ்ளோ மெல்லிசான இரும்பு. மூணே மாசத்துல பால்கனி வெயிலுக்கு அந்த ரப்பர் வேற பிசுபிசுனு ஆயிடுச்சு, கைல கறுப்பா ஒட்டுது. மலிவான மெத்து ரப்பர்ல மெத்துன்னு இருக்கறதுக்காகக் கலக்கற எண்ணெய் வெயில்லயும் வேர்வையிலயும் மேல கசிஞ்சு வந்துடும், அதான் அந்தப் பிசுக்கு. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சா ரெண்டு நாள் தாங்கும், திரும்ப வந்துடும். சிறகு வச்ச கிரிப் வாங்கறதா இருந்தா கிளாம்ப் நல்லதா இருக்கானு பார்க்காம வாங்கவே வாங்காதீங்க, உருளை கிரிப் சுத்தினாலும் கைக்குள்ள உருளையா தான் இருக்கும், சிறகு சுத்தினா ஆளையே கவுத்துடும்.

அந்த வழிஞ்ச போல்டைக் கழட்டறதுக்கு அல்சூர்ல ஒரு பழைய சைக்கிள் கடைக்குப் போனேன், அறுபது வயசு இருக்கும் அந்த அண்ணனுக்கு, நம்ம ஆளு, அவங்க அப்பா காலத்துல இருந்து அங்க தான் கடை. கையில வாங்கிப் பார்த்துட்டு, "இன்னா தம்பி இது, எறக்கை மாதிரி கீது" அப்படின்னார். அறுத்து எடுத்துக் கொடுத்துட்டு, என் கையைப் புடிச்சு உள்ளங்கையைப் பார்த்தார், காப்பு காய்ச்ச இடத்தைத் தொட்டுக் காட்டி, "கைப்பிடி மேல மட்டும் பழி போடாதே, சீட்டு மூக்கு கீழ குனிஞ்சுகீது பாரு, நீ முன்னாடி சறுக்கிக்கினே வர்றே, அந்த பாரத்தை எல்லாம் கை தான தாங்குது" அப்படின்னு சொல்லி ஸ்பானரை எடுத்து சீட்டை நேராக்கினார். காசு வாங்கல. அந்த ஒரு திருப்புல பாதி வலி குறைஞ்சதுனு சொன்னா மிகையில்ல. அதனால கிரிப் வாங்கறதுக்கு முன்னாடி சீட் தரைக்கு மட்டமா இருக்கானு பாருங்க, ஹேண்டில்பார் ரொம்ப தாழ்வா, ரொம்ப தூரமா இருக்கானு பாருங்க, டயர்ல காத்து கல்லு மாதிரி அடிச்சு வச்சிருக்கீங்களானு பாருங்க. இதுக்கெல்லாம் செலவே இல்ல. இதெல்லாம் தப்பா வச்சுக்கிட்டு எவ்ளோ விலை கொடுத்து கிரிப் போட்டாலும் நரம்பு நசுங்கிக்கிட்டு தான் இருக்கும்.

ரெண்டாவது ஜோடி ஈஎஸ்ஐங்கற கிரிப் கம்பெனியோட சங்கி (Chunky), சிலிக்கான் நுரை கிரிப். இதுல கிளாம்ப் கிடையாது, இழுத்து மாட்டறது. ஜோடி 60 கிராம் தான் எடை, கைல வாங்கறப்ப காலி டப்பா மாதிரி இருந்துச்சு. விட்டம் 32 மில்லிமீட்டர், இதுலயே ஒல்லியா ரேசர்ஸ் எட்ஜ்னு ஒண்ணு 30ல இருக்கு, எக்ஸ்ட்ரா சங்கி 34ல இருக்கு. அதிர்வை வாங்கறதுல நான் போட்டதுலயே இது தான் முதல் இடம், சந்தேகமே இல்லாம சொல்றேன். காரணமும் இருக்கு, கிளாம்ப் வச்ச கிரிப்புக்குள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கும், அது மேல தான் ரப்பர், அதனால அதே தடிமன்ல ரப்பர் கம்மியா தான் கிடைக்கும். இதுல ஹேண்டில்பாருக்கும் கைக்கும் நடுவுல இருக்கறது எல்லாமே நுரை. கனகபுரா ரோட்டுல ஹம்ப் மேல ஹம்ப் ஏறிப் போறப்பவே வித்தியாசம் தெரிஞ்சுது, மெத்தைல கை வச்ச மாதிரி. வெயில்ல பிசுபிசுப்பு கிடையாது, சிலிக்கான்ல அந்த எண்ணெய்க் கசிவு வராது.

மாட்டறது தான் ஒரு வேலை. மெடிக்கல் ஷாப்ல ஸ்பிரிட் வாங்கி கிரிப்புக்குள்ள கொஞ்சம் ஊத்தி, ஒரு பக்கத்தை விரலால மூடி நல்லா குலுக்கி, பார்லயும் தடவி, ஒரே மூச்சுல தள்ளணும், பாதில நிறுத்தினா அங்கயே பிடிச்சுக்கும். ஸ்பிரிட் ஆவியாகிப் போயிடும், அதுக்கப்புறம் அசையாது. தயவு செஞ்சு எண்ணெயோ சோப்புத் தண்ணியோ போடாதீங்க, உள்ளயே தங்கிடும், மழைல கிரிப் சுத்த ஆரம்பிச்சுடும். போட்டுட்டு ராத்திரி முழுக்க விட்டுட்டு காலைல ஓட்டுங்க.

ஆனா இதுல எனக்குத் தீராத விஷயம் ஒண்ணு இருந்துச்சு. இது உருளை, மெத்துன்னு இருக்கற உருளை. அதிர்வு குறைஞ்சுது, அழுத்தம் விழற இடம் மாறல. ஒரு மணி நேரம் வரைக்கும் சொர்க்கம், ரெண்டாவது மணி நேரத்துல அதே மேட்டுல அதே இடத்துல மெதுவா ஊசி குத்த ஆரம்பிக்கும். முன்ன முப்பது நிமிஷத்துல வந்தது இப்ப தொண்ணூறு நிமிஷத்துல வருது, அவ்ளோ தான். அப்புறம் நுரை சிலிக்கான்ங்கறதால கீழ விழுந்தா நுனி பிய்யும், பாறைல உரசினா சீவின மாதிரி வரும், அந்தப் பொருளோட குணமே அது. விரல் மரத்துப்போற பிரச்சனை இல்லாம வெறும் அதிர்வு மட்டும் தான் தொல்லைனா, ஆவலஹள்ளி மாதிரி வழுவழுனு போற தடம் தான் உங்களுக்குனா, யோசிக்காம இதை எடுங்க. பிரண்டு ஒருத்தனுக்கு இதைத் தான் சொன்னேன், சந்தோஷமா ஓட்டிக்கிட்டு இருக்கான்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும், இதை முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும். ரோட்டுல ஓட்டறப்ப கை ஒரே கோணத்துல தான் இருக்கும், உட்கார்ந்தே இருப்போம், பாரம் ஒரே இடத்துல. அதுக்குப் பெரிய சிறகு தான் சரி. மலைத் தடத்துல அப்படி இல்ல. ஏத்தத்துல உட்கார்ந்து முன்னாடி குனிவோம், இறக்கத்துல எழுந்து நின்னு முழங்கையை வெளிய விரிச்சு பின்னாடி போவோம், நிமிஷத்துக்கு பத்து தடவை மணிக்கட்டு கோணம் மாறும். உட்கார்ந்தப்ப சுகமா தாங்கின அதே சிறகு, எழுந்து நிக்கறப்ப உள்ளங்கையை முட்டித் தள்ளும், பிரேக்குக்கு விரல் எட்டாது. எம்டிபிக்கு எர்கோனாமிக் கிரிப் தேர்ந்தெடுக்கறதுல இருக்கற முழு சிக்கலும் இது ஒண்ணு தான். மெத்துன்னு இருக்கா, கெட்டியா இருக்கா, என்ன கலர்னு பார்க்கறதெல்லாம் அப்புறம், சிறகு எவ்ளோ பெருசு, நீங்க எவ்ளோ நேரம் உட்கார்ந்து ஓட்டறீங்க, எவ்ளோ நேரம் நின்னு ஓட்டறீங்க, அதை முதல்ல பாருங்க.

இது எனக்குப் புரிஞ்சது மூணாவது ஜோடில, அது எர்கான் ஜிபி1. எர்கான் ஜெர்மனில கோப்லன்ஸ் ஊர் கம்பெனி, இந்த சிறகு கிரிப்புக்கே பேர் போனவங்க. ஜிபி1 கைல எடுத்தா அந்த 349 ரூபாய் ஜோடி எதைப் பார்த்து அச்சு எடுத்ததுனு உடனே தெரியும், ஆனா பிடிமானம் வேற உலகம். கிளாம்பை இறுக்கினா மலை மாதிரி நிக்குது, சிறகு உள்ளங்கை மேட்டை அப்படியே ஏந்திக்குது, அந்த கியோன் பாதை மேல பாரம் குவியாம அகலமா பரவிடுது. இதைப் போட்டு அல்சூர்ல இருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் போய் வந்தேன், ஒரு சனிக்கிழமை நந்தி மலை வரைக்கும் போய் ஏறி இறங்கிட்டு வந்தேன், அன்னிக்கு முழுக்க சுண்டுவிரல் சத்தமே போடல. நிஜமாவே கண்ணு கலங்கிடுச்சு, அவ்ளோ நாள் அந்த மரமரப்போட வாழ்ந்திருக்கேன். ஆனா இது டூரிங், டிரெக்கிங் வண்டிக்காக செஞ்சது, உட்கார்ந்து நெடுந்தூரம் போறவங்களுக்கானது. பாறை இறக்கத்துக்கு இதைக் கொண்டு போறது என் தப்பே தவிர அதோட தப்பில்ல. டெய்லி ஆபீஸ் போற வண்டிக்கு, இல்ல ரோட்டு வண்டிக்கும் எம்டிபிக்கும் நடுவுல இருக்கற ஹைபிரிட் வச்சிருக்கறவங்களுக்கு, விரல் மரத்துப்போற தொல்லை இருந்தா வேற எதையும் பார்க்க வேணாம், இதையே வாங்குங்க. என் மனைவி வண்டில இப்ப அது தான் இருக்கு, கப்பன் பார்க் பக்கம் காலைல ஒரு சுத்து போயிட்டு வர்றாங்க, கை வலினு ஒரு நாள் சொன்னதில்ல.

நாலாவது, இப்ப என் எம்டிபில இருக்கறது, எர்கான் ஜிஏ3. படத்துல பார்த்தா சாதாரண கிரிப் மாதிரி தான் தெரியும், உத்துப் பார்த்தா வெளிப்பக்கம் ஒரு சின்ன சிறகு, சிறகுனு கூட சொல்ல முடியாது, வெத்தலை நுனி மாதிரி ஒரு சரிவு. கட்டைவிரல் பக்கம் ஒல்லியா இருக்கும், வெளிப்பக்கம் போகப்போக தடிமன் கூடும். நின்னு ஓட்டறப்ப இது கைய முட்டறதில்ல, உட்கார்ந்து ஏறறப்ப உள்ளங்கை மேட்டுக்குக் கீழ ஏதோ ஒண்ணு இருக்குனு தாங்குது. ஜிபி1 அளவுக்கு ஏந்துமானா இல்ல, பாதி அளவு தாங்கும்னு சொல்வேன். ஆனா தடத்துல நாம பாதி நேரம் தான் உட்காருறோம், அதனால கணக்கு சரியா வருது. கிளாம்ப் உள்பக்கம் மட்டும் தான், வெளி நுனில இரும்பு வளையம் இல்ல. இது எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டுச்சு, ரெண்டு பக்கமும் கிளாம்ப் இருக்கற கிரிப்புல வெளி வளையம் சரியா அந்த சுண்டுவிரல் மேட்டுக்குக் கீழ வந்து உட்காரும், மரத்துப்போற விரலுக்கு அது தான் எமன். கை பெருசா இருக்கறவங்க, பாரோட விளிம்பு வரைக்கும் கை வைக்கறவங்க இதை கண்டிப்பா கவனிங்க.

சைஸ் விஷயத்துல ஒரு தடுமாத்தம். எஸ், எல்னு ரெண்டு அளவு வருது. கடைல எஸ் மட்டும் தான் ஸ்டாக் இருந்துச்சு, "அட்ஜஸ்ட் ஆயிடும் சார்"னு சொன்னாங்க, நானும் ஆசைல எடுத்துட்டேன். ஆகல. விரல் நுனி உள்ளங்கைல குத்த ஆரம்பிச்சுது, ஏத்தத்துல பரவால்ல, இறக்கத்துல முன்னங்கை இறுகி, கீழ வந்து நின்னப்ப பிரேக்ல இருந்து விரலைப் பிரிக்கவே ரெண்டு நிமிஷம் ஆச்சு. மூணு வாரம் பொறுத்துப் பார்த்துட்டு எல் வரவழைச்சேன், முதல் நாளே தெரிஞ்சுது. அதனால ஸ்டாக் இருக்கற அளவுக்கு உங்க கைய மாத்தாதீங்க, காத்திருந்து வாங்குங்க. இன்னொண்ணு, கையுறை போட்டுக்கிட்டு பிடிச்சுப் பாருங்க. உள்ளங்கைல ஜெல் வச்ச தடி கையுறை போடறவங்களுக்கு கிரிப் தடிமன் தானா கூடிடும், தடி கையுறையும் தடி கிரிப்பும் சேர்ந்தா விரல் சுத்தவே சுத்தாது. நான் இப்ப மெல்லிசு கையுறை தான் போடறேன், கிரிப் அது வேலையைப் பார்த்துக்குது.

இனிமேல் சொல்றது தான் எல்லாத்தையும் விட முக்கியம்னு நான் நம்பறேன், கோணம். சிறகு சின்னதோ பெருசோ, அதை எந்தக் கோணத்துல திருப்பி இறுக்கறோம்ங்கறதுல தான் வாழ்வும் சாவும். மாட்டி நேரா இறுக்கிட்டுப் போனா நல்ல கிரிப்பும் கெட்ட கிரிப் மாதிரி தான் நடந்துக்கும். நான் பண்ணது இப்படி. வண்டியை சுவத்துல சாய்ச்சு, ஷூ கையுறை எல்லாம் போட்டுக்கிட்டு ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கிட்டு வழக்கமா பிடிக்கற மாதிரி பிடிச்சேன். முன்னங்கையும் புறங்கையும் ஒரே கோட்டுல இருக்கணும், மணிக்கட்டு மேலயும் மடங்கக் கூடாது, கீழயும் தொங்கக் கூடாது. மனைவியை பக்கத்துல நின்னு பார்க்கச் சொன்னேன், கிளாம்ப் லூசா இருக்கறப்பவே சிறகைத் திருப்பித் திருப்பி, உள்ளங்கை மேடு தானா அது மேல படியற இடம் வந்ததும் நிறுத்தி, லேசா இறுக்கி, அவங்க நெயில் பாலிஷ்ல ஒரு பொட்டு கிரிப்புலயும் அதுக்கு நேரா ஒரு பொட்டு பார்லயும் வச்சேன். அப்புறம் ஒரு கிலோமீட்டர் ஓட்டு, ஒரு துளி திருப்பு, திரும்ப ஓட்டு. மொத்தம் ஒரு மணி நேரம் ஆச்சு. கடைசியா நின்ன இடம் முதல் பொட்டுல இருந்து மூணு மில்லிமீட்டர் கூட இருக்காது, ஆனா அந்த மூணு மில்லிமீட்டர்ல தான் விரல் மரத்துப்போறதும் போகாததும் இருந்துச்சு. சிறகு ரொம்ப மேல தூக்கினா மணிக்கட்டு மடங்குது, ரொம்ப கீழ இறக்கினா தாங்கறதுக்கு ஒண்ணும் இல்ல. இப்பவும் ஒவ்வொரு ரைடுக்கு முன்னாடி அந்தப் பொட்டு ரெண்டும் நேரா இருக்கானு பார்ப்பேன், விழுந்து எழுந்தா முதல்ல பார்க்கறது அதைத் தான்.

கூடவே பிரேக் லீவரையும் திருப்பணும், இதை மறந்துடறோம். சிறகுக்கு ஏத்த மாதிரி கை உட்கார்ந்த பிறகு ஆள்காட்டி விரலை நீட்டினா லீவரோட நுனி வளைவுல போய் உட்காரணும், அதுக்காக லீவரைக் கொஞ்சம் உள்பக்கம் தள்ள வேண்டியிருக்கும். ஒரு விரலால பிரேக் பிடிச்சா மிச்ச விரல் எல்லாம் கிரிப்புல நிக்கும், பாரம் பிரியும். ரெண்டு மூணு விரலை பிரேக்லயே வச்சிருக்கறவங்களுக்கு மிச்சம் இருக்கற சுண்டுவிரலும் மோதிரவிரலும் தான் மொத்த ஆளையும் தாங்குது, அது ரெண்டும் மரத்துப்போறதுல என்ன ஆச்சரியம்.

இறுக்கறப்ப போல்ட்ல என்ன நியூட்டன் மீட்டர் போட்டிருக்கோ அதுக்கு மேல போகாதீங்க, கார்பன் பாருனா இறுக்கத்தை அளந்து காட்டற டார்க் ரென்ச் இல்லாம தொடவே தொடாதீங்க, நொறுங்கிடும். இடது வலது மாறிடாம பாருங்க, சிறகு இருக்கற கிரிப்புக்கு ரெண்டு கையும் வேற வேற. உங்க வண்டி பழசு, கிரிப்பைத் திருகி கியர் மாத்தற டைப்னா முழு நீள கிரிப் உள்ள போகாது, அதுக்குன்னு குட்டையா வர்றதைக் கேட்டு வாங்குங்க. பார் நுனில மூடி இல்லாம ஒரு நாளும் ஓட்டாதீங்க, திறந்த அலுமினியக் குழாய் விழறப்ப தொடைல பிஸ்கட் அச்சு மாதிரி வட்டமா வெட்டிடும், துரஹள்ளில ஒரு பையனுக்கு அப்படி ஆனதை நான் பக்கத்துல நின்னு பார்த்தேன், துண்டைக் கட்டி ரோடு வரைக்கும் தூக்கிட்டு வந்தோம். இருபது ரூபாய் மூடி அது.

குறைனு பார்த்தா ஜிஏ3ல நுரை சிலிக்கான் அளவுக்கு அதிர்வு வாங்கற தன்மை இல்ல, பல்லு பல்லா பாறை இருக்கற இடத்துல அந்த சங்கி கிரிப்போட மெத்துமெத்துப்பு ஞாபகம் வரத் தான் செய்யுது. டயர்ல காத்தைக் கொஞ்சம் குறைச்சு, ஃபோர்க்கை என் எடைக்கு செட் பண்ணதும் அது பெருசா தெரியல. விலையும் ஜாஸ்தி தான், ஒரு நல்ல டயர் வாங்கற யோசனைல இருக்கறவங்களுக்கு கிரிப்புக்கு இவ்ளோவானு மனசு வராது. எனக்கு வந்துச்சு, ஏன்னா அந்தத் திங்கக்கிழமை பட்டன் போட முடியாம நின்னது மறக்கல. ரொம்ப இறக்கம், குதிக்கறது, பைக் பார்க் ரைடிங்னு போறவங்களுக்கு சிறகே இல்லாத ஜிஏ2, இல்ல எண்டியூரோங்கற இறக்கப் போட்டிக்குன்னு வர்ற ஜிஈ1 மாதிரி பார்க்கலாம், அவங்க உட்கார்றதே கம்மி.

இப்ப எட்டு மாசம் ஆச்சு. மூணு மணி நேரம் ஓட்டிட்டு இறங்கினா சுண்டுவிரல்ல லேசா ஒரு குறுகுறுப்பு இருக்கு, கைய உதறினா அஞ்சு நிமிஷத்துல போயிடுது, திங்கக்கிழமைக்கு மிச்சம் இருக்கறதில்ல. அந்த எஸ் சைஸ் ஜோடி மூணு வாரம் ஓட்டினது தான், டூல் பாக்ஸ்ல சும்மா கிடக்கு. ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கு துரஹள்ளி வாசல்ல தான் இருப்பேன், நீல ஹார்ட்டெயில், கிரிப்புல சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு இருக்கும். கை சின்னதா இருக்கறவங்க யாராவது வாங்கறதுக்கு முன்னாடி போட்டு ஓட்டிப் பார்க்கணும்னா வந்து கேளுங்க, ஆலன் கீயும் நானே கொண்டு வர்றேன்.